இடப்பக்க வரிசை

சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு தம்பி பந்திக்குள் நுழைந்தான்.

அண்ணன் மண்டப வாசலில் நிமிர்ந்து நின்றார். தோளில் துண்டு. மடிப்புக் கலையவில்லை.

முகூர்த்தம் முடிந்த முதல் பந்தி. தம்பிக்கு எட்டு மாதத்தில் முதல் பந்தி.

பைக்கிலிருந்து விழுந்ததில் தலையின் வலப்பக்கம் அடி. அறுவை முடிந்து எழுந்தவனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதுதான் மனதில் படவில்லை. முகத்தில் பாதியை மட்டும் மழிப்பான். தட்டில் பாதிச் சோறு மீந்துவிடும். மனைவி தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவான். பிறகு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

"கோயம்புத்தூர்ல பெரிய ஆர்டர், அவன் அங்க நிக்கான்" என்றே அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார். மூன்று தலைமுறையாகக் கல்யாணச் சமையலில் பேர் வாங்கிய குடும்பம். ஊர் வாயில் விழ விடுவாரா?

போன வாரம் தம்பியே வந்து நின்றான்.

"ஒரே ஒரு பந்தி குடுங்கண்ணே. முடியலன்னா நானே கரண்டியக் கீழ வச்சிருதேன்."

இப்போது இரண்டு வரிசைக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். வலப்பக்கம் ஒவ்வோர் இலையிலும் சோற்றுக் குழி பார்த்து அளவாக விழுந்தது சாம்பார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இடப்பக்கம் முழுக்க வெறுஞ்சோறு.

அங்கேதான் மாப்பிள்ளை வீட்டார்.

"என்ன வே," அந்த வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "நாங்க என்ன பத்திரிக்கை இல்லாமலா வந்திருக்கோம்?"

வரிசையே சிரித்தது. பெண்ணின் தகப்பனார் முகம் கறுத்தது.

தம்பி நின்றான். குரல் வந்த திசை அவனுக்குப் பிடிபடவில்லை.

அண்ணன் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். வாளியை வாங்கிவிட வேண்டியதுதான். நாலு எட்டு வைத்திருப்பார்.

தம்பி கடைசி இலைவரை போனான். வாளியோடு முழு உடம்பையும் திருப்பினான்.

விட்டுப்போன வரிசை இப்போது அவன் வலப்பக்கம் இருந்தது.

"அட! நீங்கல்லாம் இங்கதான் இருக்கீகளா!"

குரல் கொடுத்த பெரியவருக்கு இரண்டு கரண்டி. மூன்றாவதும் சாய்ந்தது.

"போதும் வே, சோறு நீந்துது!" பெரியவர் இரு கையாலும் இலையை மறைத்தார்.

தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

அண்ணன் நடுவழியில் நின்றுவிட்டார். துண்டை அவிழ்த்தார். மறுபடி தோளில் போட்டு, மடிப்பைச் சரிசெய்ய மறந்து, வாசலுக்கு வந்தார். அங்கே அப்பளமும் ரசமும் பாயசமும் ஏந்தி ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"எலேய், எல்லாரும் கேளுங்க. போகும்போது வலது வரிசைக்கு மட்டும். திரும்பி வரும்போதுதான் மத்த வரிசைக்கு. ஒருத்தனும் மாத்தக் கூடாது."

பெண்ணின் தகப்பனார் பக்கத்தில் வந்தார்.

"இது என்ன அண்ணாச்சி, புது முறையால்லா இருக்கு?"

அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"எங்க அப்பா காலத்துல இருந்தே எங்க பந்தி இப்படித்தான்."