இரண்டாம் பாதியில் விழும் குதிரை

குதிரை மறுபடியும் சுருண்டு விழுந்தது. புல்லில் முகம் புதைந்து, கால்கள் ஒருமுறை உதறி அடங்கின.

"போச்சு! காலையிலேர்ந்து எத்தனை தடவைன்னு எண்றதையே விட்டுட்டேன்" என்று டெஸ்டர் பெண் கையை விரித்தாள். "இரண்டாம் பாதியில கொஞ்சம் வேகமா ஓடவிட்டாப் போதும், பொத்துனு விழுந்துடறான்."

குதிரை என்பது ரசிகர்கள் வைத்த பெயர். ஊரே கொண்டாடும் கால்பந்து வீரன் அவன். இப்போது திரையில் விழுந்தது வீடியோ கேமில் இருக்கும் அவன் உருவம். ஆளைப் பொறுக்கி, அணியைச் சேர்த்து, மேனேஜராக இருந்து ஜெயிக்கிற கேம் அது. புதிய பதிப்பு மறுநாள் வெளியாக வேண்டும்.

பழைய பதிப்பில் யாருக்கும் களைப்பே கிடையாது. எல்லோரும் பேய் பிடித்தவர்கள்போல் ஓடுகிறார்கள் என்று வாங்கியவர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதனால் இந்த முறை நிஜ வீரர்களுக்கே இதயத்துடிப்பை அளக்கும் சென்சார் பனியன் மாட்டி ஓடவிட்டு, உடம்பு எப்படிக் களைக்கிறது என்று பதிவு செய்து, அதை அப்படியே கேமுக்குள் ஏற்றியிருந்தார்கள்.

பதிவு எடுத்த அன்று குதிரை வரத் தாமதம். சும்மா நிற்பானேன் என்று கேமின் புரோகிராமர் அவனுக்கான பனியனை மாட்டிக்கொண்டு, சிக்னல் வருகிறதா என்று மைதானத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தார். தொந்தி பிதுங்க அவர் ஓடிய வீடியோ ஆபீஸ் குரூப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு வந்து சேர்ந்த குதிரை மட்டும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "சாரி சார், என்னாலதான் உங்களுக்கு இந்தக் கஷ்டம்" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அன்றிலிருந்து அவன்மேல் இவருக்குத் தனிப் பாசம்.

அந்தப் பாசத்தோடுதான் இன்று பிழையைத் தேடினார். புரோகிராமில் தவறே இல்லை. கடைசியாகக் குதிரையின் பதிவைத் திறந்தவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வேகம் கூடக் கூட இதயத்துடிப்பு தடுமாறியது. ஓரிடத்தில் கோடு அப்படியே படுத்துக் கிடந்து, பிறகு போனால் போகிறதென்று எழுந்தது.

"ஏம்மா, இது பக் இல்ல. கேம் சரியாத்தான் சொல்லுது. இப்படி ஒரு இதயத்தை வச்சுக்கிட்டு ஓடினா எவனா இருந்தாலும் விழுவான்."

"பயமுறுத்தாதீங்கண்ணா. இன்னிக்கு சாயங்காலம் அவனுக்கு ஃபைனல்."

"அதாம்மா எனக்கும் பயம்."

சத்தம் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். "அவங்க ஆளுக்கு நெஞ்சுல கோளாறுன்னு நாம சொன்னா கிளப் சும்மா விடுமா? அவங்க ஆளுங்களை கேம்ல போடற லைசென்ஸ் காலி. மத்தவங்க சராசரியை எடுத்து இவனுக்குப் போடு. பக் க்ளோஸ்."

"கேம்ல சராசரி போட்டுடலாம் சார். அந்த ஆளோட நெஞ்சுக்குள்ள எப்படிப் போடறது?"

"வந்துட்டாரு பெரிய டாக்டர்! சொன்னதைச் செய்யுய்யா."

செய்தார். திரையில் குதிரை கடைசி விசில்வரை ஓடினான், கோலும் போட்டான். அந்தப் பொய்க் கைதட்டலை அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

வேலை போனால் போகட்டும் என்று எழுந்தார். லிஃப்ட் வழக்கம்போல் ரிப்பேர். நாலு மாடியும் இறங்கி, தெருவில் நின்று கிளப் டாக்டரைப் போனில் பிடித்தார். விவரத்தைச் சொல்லி, பதிவையும் அவருடைய போனுக்கு அனுப்பினார்.

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் டாக்டர். "இதோட அவன் களத்துல இறங்கவே கூடாது. இப்பவே கூப்பிட்டுப் பார்த்துடறேன்."

எதிர்க் கடையில் வாங்கிய டீ கையிலேயே ஆறியது. முதலாளியின் அழைப்புகளை எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவி, அன்றைக்கு எவ்வளவு மரியாதையாகப் பாட்டிலை நீட்டினான்! இதற்குமேல் நின்றால் முதலாளியே இறங்கி வந்துவிடுவார் என்று தோன்றியபோதுதான் படியேற ஆரம்பித்தார்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் போன் அடித்தது.

"சொல்லுங்க டாக்டர்... படியேறிட்டிருக்கேன், அதான் மூச்சு வாங்குது."

"நம்ம ஆளை மெஷின்ல ஏத்தி நல்லா ஓடவிட்டுப் பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்ல. கிண்ணுன்னு இருக்கான்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தார். "அப்பாடா! அப்போ பதிவுதான் தப்பா டாக்டர்?"

"அதுவும் தப்பில்ல. அதுல இருக்கிற நேரத்தை இப்பத்தான் கவனிச்சேன். எங்க பையன் அன்னைக்கு மைதானத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த ஓட்டம் முடிஞ்சுபோச்சு. அப்போ பனியனை யார் போட்டிருந்தாங்க?"

சோதனைக்குத் தான் ஓடியதை அழித்த ஞாபகம் அவருக்கு எவ்வளவு தேடியும் வரவில்லை. போன் வழியாக அவருடைய மூச்சிரைப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

டாக்டரின் குரல் தணிந்தது.

"ஏறாதீங்க தம்பி. அந்தப் படியிலேயே உட்காருங்க."