ஷீலே சொல்லப் பிந்தியது

என் மகள் நிரோசினி ஆசிரியர்களுக்கு முன்னால் நின்று இத்தாலியனில் பொழிந்துகொண்டிருந்தாள். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்பு வாய்மொழிப் பரீட்சை. இது முடிந்ததும் அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும், அவளுடைய அண்ணன் கிருபன் செத்துப்போனான் என்று.

கிளிநொச்சியில், மோட்டார் சைக்கிள் விபத்தில். தகப்பனைச் சண்டையில் பறிகொடுத்த பிள்ளைகள். பதினெட்டு தாண்டிவிட்டது என்று அவனுக்கு மட்டும் விசா கொடுக்கவில்லை. பலெர்மோவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம்.

திங்கட்கிழமை ஊரிலிருந்து என் தம்பி போன் எடுத்துச் சொன்னான். பரீட்சை முடியும்வரை பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். எங்கள் சனம் இப்படித்தான், செத்தவீட்டை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும்.

மேசையில், போத்தலால் மூடிய மெழுகுதிரி அணைந்தது. உள்ளே ஒட்சிசன் குறைந்துவிட்டதாம். பிறகு ஷீலே என்ற பெயர் காதில் விழுந்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

வீட்டில் எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் பாடமாக்கினாள். சுவீடனில் மருந்துக்கடைக்காரன். ஒட்சிசனை முதலில் கண்டவன் அவன்தானாம். புத்தகம் வெளிவரப் பிந்திவிட்டது. அதற்குள் இங்கிலாந்தில் இன்னொருவர் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிட்டார்.

"விசரன்! கண்ட உடனே வாயைத் திறந்து சொல்லுறதுக்கு என்ன?" என்று அப்போது வீட்டில் கத்தினேன்.

நிரோசினி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அவருக்கு என்ன கஷ்டமோ, அம்மா."

நேற்றுக் காலை ஊரில் கிருபனின் பிரேதத்தை எடுத்தார்கள். வைபரில் முகத்தையாவது பார் என்று தம்பி கெஞ்சினான். வேண்டாம் என்றுவிட்டேன். பார்த்தால் அழுவேன், அழுதால் கண் வீங்கும், இங்கே அல்பெர்கேரியாத் தெருக்களில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. இவள் பிடித்துவிடுவாள்.

அந்த நேரம் இவள் கூடப் படிக்கும் தனுசியா வீட்டுக்குப் படிக்கப் போனாள். நான் வேலை செய்யும் சின்யோரா வீட்டுக்குப் போய்த் தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஆசிரியை "பிராவா", கெட்டிக்காரி, என்றார். முற்றத்துக்கு வந்ததும் மகளின் கையைப் பிடித்தேன்.

"பிள்ளை, அண்ணா..."

"தெரியும் அம்மா. ஞாயிற்றுக்கிழமையே ஃபேஸ்புக்கிலை பாத்திட்டன். எனக்குத் தெரியுமெண்டு உங்களிட்டைச் சொல்லவேண்டாமெண்டு மாமாட்டைச் சத்தியம் வாங்கினனான். நீங்கள் எனக்காக அடக்கிக்கொண்டு இருந்தியள். நானும் இருந்தன்."

எனக்குத் தெரிய ஒரு நாள் முன்பே! என் தம்பி, அந்தப் பாவி, இரண்டு பேருக்கும் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான். கட்டிப்பிடித்து அழ எனக்கு ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். ஐயோ, என்ன மடைச்சி நான்.

"நேற்று வீடியோவிலை பாத்தனான் அம்மா, தனுசியா வீட்டிலை இருந்து. கடைசிவரைக்கும் பாத்தனான்."

கிருபனைப் பெற்றவள் நான். பள்ளிக்கூட முற்றத்தில் நின்று அவளைக் கேட்டேன்.

"அண்ணான்ரை முகம் எப்பிடி இருந்தது?"