சத்தமில்லாத அறை

“டீச்சர், நீங்க மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் பின்னாடி யாரோ உம் கொட்டுறாங்க!” என்றான் ஒலிப்பதிவைச் சரிபார்ப்பவன், போனில்.

பார்வையற்றவர்கள் கேட்பதற்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு பழைய விஞ்ஞானக் கதையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். விண்கலம் வழிதவறும் அத்தியாயம் டீச்சருடையது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. “வீட்டிலேயே சத்தமில்லாத அறையில கதவைச் சாத்திட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் படிச்சேன். யாருப்பா உம் கொட்டப் போறாங்க?”

“டிவியா இருக்குமோ?”

“அங்க டிவியே கிடையாது.”

“சத்தத்தைக் கூட்டி அனுப்பியிருக்கேன். நீங்களே கேளுங்க.”

கேட்டாள். விண்கலத்தில் எரிபொருள் தீர்ந்ததைச் சொல்லி அவள் குரல் நின்றது. பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் ஆண்குரல், “ம்...” என்றது. கடைசி வரி முடிந்ததும் அதே குரல் திக்கித் திணறி, “அ...ப்புறம்?” என்றது.

விபத்துக்குப் பின் அந்த அறைக் கட்டிலில் நினைவின்றிக் கிடக்கும் அவள் கணவரின் குரல் அது. இனி ஒரு வார்த்தையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர்கள் கைவிரித்து ஒரு வருஷமாகிறது.

புத்தகத்தோடு ஓடிப்போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“சொல்றேங்க... இதோ சொல்றேன்,” என்றாள். அடுத்த அத்தியாயத்தின் எழுத்துகள் கண்ணீரில் கலங்கித் தெரிந்தன.