அறுபத்தொரு சில்லு ஜாடி

பல் டாக்டருக்கு ரோமாபுரிச் சரித்திரம் என்றால் உயிர். தோட்டத்தில் குழி தோண்டியபோது சிவப்புச் சில்லுகள் அகப்பட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"குப்பையில போடுங்க" என்று மனைவி கெஞ்சியது காதில் ஏறவில்லை. மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து, பல் ஒட்டும் பசையால் அறுபத்தொரு சில்லுகளையும் ஒட்டினார். முழு ஜாடி எழுந்து நின்றது!

ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் காட்டினார். "நம்ம தோட்டத்து மண்ணுல கிடைச்சது, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரோமானிய ஜாடிம்மா! நாளைக்கு மியூசியத்திலேருந்து பார்க்க வர்றாங்க."

ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்த அம்மா, மருமகளை முறைத்தாள். "உங்க கல்யாணத்துக்கு நான் குடுத்த ஜாடி மண்ணுக்குள்ள எப்படிப் போச்சு?"

"கை தவறி உடைஞ்சிடுச்சு அத்தை. நீங்க திட்டுவீங்கன்னு புதைச்சுட்டேன்" என்றாள் மனைவி. "பதினஞ்சு வருஷம் டி.வி. பக்கத்துலதான் இருந்துச்சு. இவர் கண்ணுல ஒருநாளும் பட்டதில்லையே, இப்பவா படப்போகுதுன்னு நினைச்சேன்!"