டெஸ்மண்டுக்காக ஒரு சாட்சி

எச்.ஐ.வி. இருப்பதைத் துணையிடம் சொல்லாவிட்டால் சிறை என்ற சட்டத்தை நீக்கி, உள்ளே இருப்பவர்களையும் விடுவிக்கும் மசோதா மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் வந்திருந்தது. அந்தச் சட்டத்தால் சிறையிலிருக்கும் டெஸ்மண்டின் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரெட்டா, சாட்சி சொல்ல எழுந்தாள்.

“அவன் ஒருநாள்கூட மாத்திரையை விட்டதில்ல. யாருக்கும் தொத்தல. ஆனாலும் ஆறு வருஷமா உள்ள கிடக்கான். விட்ருங்க ஐயா.”

அடுத்த தேர்தல்மேல் கண் வைத்திருந்த உறுப்பினர் ஹால்வர்சன் சிரித்தார். “பொண்டாட்டி புருஷனுக்குப் பரிஞ்சுதாம்மா பேசுவா! அவன்கிட்ட ஏமாந்த பொண்ணு வந்து சொல்லட்டும், மசோதாவுக்கு நானே கையைத் தூக்குறேன்.”

“நான் அவன் பொண்டாட்டி இல்ல ஐயா. நோயைப் பத்தி ஒண்ணும் தெரியாம, பயந்துபோய் அன்னைக்குப் புகார் கொடுத்தவளே நான்தான். அவங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. நீங்க கையைத் தூக்குங்க ஐயா” என்றாள் லோரெட்டா.