ஆற்றங்கரை ஹோட்டல்

"ஆறு ஹோட்டலுக்கு முன்பக்கமோ பின்பக்கமோ எண்டு கேட்டு எழுதியிருக்கிறன் அக்கா. பதில் வந்தவுடனை முடிவெடுத்திடுவன்."

சுந்தரேஸ்வரி சொன்னதைக் கேட்ட கமலநாயகிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கையிலிருந்த பிரசாதக் கிண்ணத்தை வைக்க மேசையில் இடம் தேடினார். மேசை நிறையப் படப் புத்தகங்கள். கல்லுவீடுகள், புல்வெளி, செம்மறிகள். எல்லாம் இங்கிலாந்து நாட்டுப்புறம்.

ஐந்து வெள்ளிக்கிழமையாகச் சுந்தரேஸ்வரி பஜனைக்கு வரவில்லை. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களும் கமலநாயகியின் வீட்டு முருகன் படத்துக்கு முன்னால்தான் கூடும். "அவ இங்கிலாந்துக்கு விடுமுறை போறாவாம். ஹோட்டல் தேடவே நேரம் காணாதாம்" என்று போன கிழமை ஒருத்தி சொன்னபோது, "வாய்க்கு வந்தபடி கதையாதேங்கோ" என்று அதட்டியவர் கமலநாயகிதான்.

இப்போது கண்ணாலேயே பார்க்கிறார்.

"லண்டனிலை உன்ரை அண்ணன் ஒருத்தர் இருக்கிறார்தானே பிள்ளை. அங்கை நிண்டால் காணாதோ?"

"லண்டன் ஆறு சரிவராது அக்கா. ஒரே ஊத்தை. சனமும் நிண்டு பாக்கும்."

"ஓகோ. ஆத்திலையும் தரம் பாக்கிறியோ?"

சுந்தரேஸ்வரி சிரித்தாள். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். கடிதக் கட்டை எடுத்து விரித்தாள்.

"இந்த ஹோட்டல்காரன் மரக்கறிச் சாப்பாடு தருவானாம். மீன் போட்டால் பரவாயில்லையோ எண்டு கேக்கிறான். மற்றவனிட்டை அவிச்ச உருளைக்கிழங்குதானாம். இந்தப் பொம்பிளை மட்டும், பருப்பும் சோறும் எப்பிடிக் காய்ச்சிறது எண்டு என்னை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறா. எட்டே எட்டு அறைதான். அவவே சமைக்கிறாவாம்."

கமலநாயகிக்கு வயிறு எரிந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு நாலு வருசமாகப் பதில் இல்லை. அனுமதி எடுக்காமல் நகர எல்லையைத் தாண்ட ஏலாது. சுந்தரேஸ்வரி குடும்பத்துக்குப் போன வருசம்தான் பிரயாணப் பத்திரம் கிடைத்தது. அதை வைத்துச் செய்கிற முதல் வேலை இதுவா?

"எண்பத்தேழிலை ஊரிலை சண்டை நடக்கேக்கை எங்கடை சனம் கோயில் மண்டபத்திலை மூட்டை முடிச்சோடை கிடந்தது. வருசம் ஒண்டாச்சு, இன்னும் வீடு திரும்பாத ஆக்கள் எத்தினை. நாங்கள் இஞ்சை விளக்குக் கொளுத்தி வைச்சு அழுகிறம். உனக்கு ஆறு முன்பக்கமோ பின்பக்கமோ எண்டது கவலை."

"பின்பக்கம் எண்டால்தான் நல்லது அக்கா. மற்ற ஆக்களுக்கும் இடைஞ்சல் இல்லை."

என்ன சொன்னாலும் உறைக்கவில்லையே. ஆளும் நன்றாக மெலிந்திருந்தாள். போட்டோவுக்கு நிற்பதற்காகப் பட்டினி கிடக்கிறாளாக்கும் என்று கமலநாயகி நினைத்தார். உடனேயே, 'முருகா, என்ரை புத்தி ஏன் இப்பிடிப் போகுது' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எத்தினை பேருக்கு அறை கேட்டிருக்கிறாய்?"

"ரெண்டு பேருக்கு."

கமலநாயகி கதிரையில் இருந்துவிட்டார். வீட்டில் மூன்று பேர். சுந்தரேஸ்வரி, புருசன் விமலநாதன், மகள் சியாமளா.

"அப்ப சியாமளா? பதினாறு வயசுப் பெட்டை. அவளை ஆரின்ரை தலையிலை கட்டிப்போட்டு நீயும் மனுசனும் ஊர் சுத்தப் போறியள்? என்ரை வீட்டிலை விடலாம் எண்டு நினைக்காதை. இப்பவே சொல்லிப்போட்டன்."

சுந்தரேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். சியாமளா பள்ளிக்கூடத்தால் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கதிரையை இழுத்துக் கமலநாயகிக்குக் கிட்ட வந்து இருந்தாள்.

"சியாமளாவும் தகப்பனும்தான் அக்கா அந்த ரெண்டு பேர்."

"அப்ப நீ?"

"எனக்கு ஈரலிலை புற்றுநோய். ஆவணியிலை கண்டுபிடிச்சவை. தை மாதம் தாண்டாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இவருக்குத் தெரியும். பிள்ளைக்கு இன்னும் சொல்லேல்லை."

கமலநாயகி பிரசாதக் கிண்ணத்தை மடியில் இறக்கினார்.

சுந்தரேஸ்வரி கடிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"இஞ்சை சாம்பலை எங்கடை கையிலை தரமாட்டினம் அக்கா. சவக்காலையிலைதான் புதைக்க வேணும் எண்டு சட்டமாம். இங்கிலாந்துக்கு அனுப்பினால் அங்கை ஆத்திலை கரைக்கலாமாம். ஊருக்குத்தான் இப்ப ஆரும் கொண்டுபோக ஏலாதே."

"பிள்ளை..."

"இந்த மனுசனை உங்களுக்குத் தெரியும்தானே. விட்டால் கரைச்சுப்போட்டு, காருக்குள்ளை இருந்து வெறும் பாண் துண்டைத் திண்டிட்டு வரும். பெட்டையும் அதோடை குளிருக்கை கிடக்கும்."

பருப்பும் சோறும் காய்ச்சக் கேட்ட அந்தப் பொம்பிளையின் கடிதத்தை மட்டும் எடுத்து மேலே வைத்தாள்.

"ஈர உடுப்போடை கரையேறி வாறதுகளுக்கு, ஆராவது ஒரு தாய் கதவைத் திறந்து, முதல்லை சாப்பிடுங்கோ எண்டு சொல்லவேணும் அக்கா."