கணக்கு சார் போயிட்டாரு

“மலைச்சாமி சார் போயிட்டாரு. கணக்குக் குழுவை இனிமே யாரு பாக்குறது?”

ஆன்லைனில் இலவச வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருங்கிணைப்பாளர் தஹ்சீன் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதும் அழகுராஜாவுக்குப் பகீரென்றது. நேற்றுக்கூட சார் பாடம் அனுப்பியிருந்தாரே!

அதற்குள் குரூப்பில் இரங்கல் குவிய ஆரம்பித்தது. ‘அவரு வீடியோவாலதான் எங்க பிள்ளைகளுக்குக் கணக்கே புரிஞ்சது.’ ‘தங்கமான மனுசன். மனசே ஆறல.’

தஹ்சீனை அழைத்தான். எடுக்கவில்லை.

‘சூடு ஆறுறதுக்குள்ள வேலையைப் பிரிக்குது பாரு இந்தம்மா!’ என்று பொருமினான். உட்கார முடியவில்லை. தாடிக்கொம்பில் ஒரு மாலையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் சார் வீட்டுக்கு விரட்டினான்.

வாசலில் பந்தல் இல்லை. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் மலைச்சாமி.

“மாலை யாருக்குப்பா?”

“சார்... நீங்க போயிட்டதா தஹ்சீன் மேடம்...”

“ஆமா, காலையிலதான் குரூப்பை விட்டுப் போனேன். வருசம் பூரா பாடம் போட்டேன். நல்லாருக்குன்னு ஒரு ஆளு வாயத் தொறக்கல.”

அழகுராஜா குரூப்பைத் திறந்து செல்போனை நீட்டினான். மலைச்சாமி ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“குடுங்க சார், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு இப்பவே போட்டுர்றேன்.”

மலைச்சாமி போனைத் தரவில்லை.

“செத்த நேரம் பொறு அப்பு. இன்னும் யாரோ டைப் பண்ணிக்கிட்டு இருக்காங்க.”